எழுதிக் கொடுத்த அழுகை

மார்ச் 4

வாயாடிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அண்ணி என்ன திடீரென்று பேனா பிடித்துவிட்டாள் என்று சிரிக்காதே. இதைப் போனில் பேச முடியாது. நான் போனைக் காதில் வைத்தாலே உன் அண்ணன் "யாரு, என் தங்கச்சியா? குடு இங்க" என்று பிடுங்கிக்கொள்வார். மெயில் அனுப்பலாம் என்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவே இப்போது பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், கேள்.

போன வாரம் ஒரு நாள் மதியம் ரிசப்ஷனில் இருந்தேன். எனக்குக் காலை ஷிப்ட்தான். கூட வேலை பார்ப்பவளின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அன்றைக்கு மட்டும் மாற்றிக்கொண்டேன். ஒரு போன் வந்தது. வெளி லைனில் வந்தது என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. மூன்றாவது மாடி வார்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸாம். முதல் நாளாம். கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டதாம், நோயாளியின் சொந்தக்காரர்கள் தலைமாட்டில் நின்று கத்துகிறார்களாம், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்க முடியவில்லையாம். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள். பேச்சு நடுவில் மூக்கை உறிஞ்சினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அழாத, கண்ணைத் துடைச்சுக்கோ கண்ணு. என்னோடதப் போட்டுப் பாரு" என்று சொல்லி என் லாகினையும் பாஸ்வேர்டையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். பாஸ்வேர்ட் என்னவென்று கேட்காதே. உன் அண்ணனை நான் தனியாக இருக்கும்போது கூப்பிடுகிற பெயர். சொல்லும்போது கொஞ்சம் சிரித்தும் தொலைத்தேன்.

அது நர்ஸ் இல்லை. ஆஸ்பத்திரி நிர்வாகமே ஏதோ ஒரு கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கம்பெனியைக் கூப்பிட்டு, எங்கள் ஆட்கள் ஏமாறுகிறார்களா பாருங்கள் என்று சோதனை வைத்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து எல்லாரையும் கூட்ட அறையில் உட்காரவைத்து அந்தப் பேச்சைப் போட்டுக் காட்டினார்கள். "யாருன்னு பேர் சொல்லப் போறதில்ல" என்றார் நிர்வாக அதிகாரி. பெயர் எதற்கு? நாள் முழுக்க மைக்கில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிறவள் நான். என் குரல் தெரியாத ஆள் அந்தக் கட்டடத்தில் யார் இருக்கிறார்கள்? பாஸ்வேர்டை மட்டும் 'பீப்' போட்டு மறைத்திருந்தார்கள், பெரிய உபகாரம். என் சிரிப்பை மறைக்கவில்லை. கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய், கூட்டம் கலையும்வரை கதவைத் திறக்கவில்லை.

இப்போது லிப்ட்காரரிலிருந்து கேன்டீன் பெண் வரைக்கும் என்னைப் பார்த்தால் "கண்ணைத் துடைச்சுக்கோ கண்ணு" என்கிறார்கள். விளையாட்டுக்குத்தான். ஆனாலும் இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்த வராந்தாவில் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறேன்.

உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்றால், நீ அந்தத் துறைக்குப் போயிருக்கிறாய். இனிமேல் ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று புரிகிற மாதிரி எழுது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவள் அழுததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. மூடிப்போன அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் உன்னை நான் வேலைக்குச் சேர்த்துவிட்ட முதல் நாள், கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டது என்று என் முந்தானையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாயே, அப்படியே இருந்தது. அன்றைக்கு உனக்குக் கொடுத்த மாதிரிதான் இவளுக்கும் கொடுத்துவிட்டேன்.

உன் அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. நீயும் சொல்லிவிடாதே.

அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. ஹாஸ்டல் வார்டன் என் பெயருக்குத் தபால் வந்த அதிசயத்தை எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்துக் கொஞ்ச நாள் போய்விட்டது, மன்னியுங்கள்.

முதலில், இது உங்கள் தப்பில்லை. இந்தத் துறையில் எல்லாரும் சொல்கிற உண்மை இது. பெரிய பெரிய அதிகாரிகளே ஏமாறுகிறார்கள். இந்த மாதிரிச் சோதனைகள் எந்தத் தனி மனிதரையும் குறிவைத்துச் செய்யப்படுவதில்லை. நிறுவனத்தின் நடைமுறையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பதற்காக மட்டுமே.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். யார் கேட்டாலும், மேலதிகாரியே கேட்டாலும், பாஸ்வேர்டைச் சொல்லாதீர்கள். பாஸ்வேர்டில் வீட்டு ஆட்களின் பெயர் வேண்டாம். கூப்பிடுகிறவர் அவசரப்படுத்தினால் அதுவே எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது முதல் நாள் என்றோ, இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுவாங்கக்கா என்றோ பயந்தால், அந்தப் பயம் உங்களைத் தொற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் ஒரு நிமிஷம் போனைக் காதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தால் ஏதோ நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை. வேலை அதிகம். இந்த மாதக் கடைசியில் என்னை நிரந்தரம் செய்வார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். அதனால்தான் போன்கூடப் பண்ணவில்லை. தப்பாக நினைக்காதீர்கள்.

சிரித்தவர்கள் மறந்துவிடுவார்கள். நீங்களும் மறந்துவிடுங்கள் அண்ணி.

உங்கள் வாயாடி


மார்ச் 14

வாயாடிக்கு,

என்னை ரிசப்ஷனிலிருந்து எடுத்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் வைக்கிற ரெக்கார்ட்ஸ் ரூமில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் இல்லை. டியூப் லைட் ஒன்று சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. திங்கட்கிழமை விசாரணை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது கிடக்கட்டும்.

உன் கடிதத்தில் "இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுவாங்கக்கா" என்று ஒரு வரி இருக்கிறது. அவள் அப்படித்தான் சொன்னாள். அந்த வார்த்தையில்தான் நான் இளகிப்போய்க் கொடுத்தேன். ஆனால் அதை உனக்கு நான் எழுதவில்லை. யாரோ ஒரு சிஸ்டரின் திட்டுக்குப் பயந்தவளுக்காக என் மானத்தைத் தூக்கிக் கொடுத்தேன் என்று எழுத வெட்கப்பட்டு, வேண்டுமென்றேதான் விட்டேன். தபாலில் போடும் முன்பு படித்தும் பார்த்தேன்.

நீயும் ஆஸ்பத்திரியில் இருந்தவள், ஊகித்திருப்பாய் என்று ஒரு நாள் முழுக்க எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அந்த 'அக்கா' இடிக்கிறது. நீ அப்படித்தான் இழுத்துச் சொல்வாய்.

சுற்றி வளைக்காதே. ஆமாம் அல்லது இல்லை.

அண்ணி


மார்ச் 16

அண்ணி,

ஆமாம்.

கூப்பிட்டது நான் இல்லை, என் குரல் உங்களுக்குத் தெரியும். கூப்பிட்டவள் என் பக்கத்து மேஜைக்காரி. அவள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் நான் எழுதிக் கொடுத்தது. எந்த இடத்தில் மூக்கை உறிஞ்ச வேண்டும் என்றுகூட எழுதியிருந்தேன்.

இங்கே நான் எப்படி இருக்கிறேன் என்று உங்களிடம் உண்மையாகச் சொன்னதே இல்லை. ஷிப்ட் முடிந்து சாயங்கால வகுப்புக்கு ஓடி, பரீட்சை எழுதி, ஒரு வழியாக இந்த வேலைக்கு வந்தபோது அண்ணன் தெருவெல்லாம் "என் தங்கச்சி கம்ப்யூட்டர் போலீஸ்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இங்கே என் பெயர் 'ரிசப்ஷன்'. "ஏ ரிசப்ஷன், ஏசி ரிப்பேர்காரனுக்குப் போன் போடு" என்பார்கள். எல்லாரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள். அவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. தலையை ஆட்டிவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று போனில் தேடிப் பார்ப்பேன். திரையில் ஓடுகிற எச்சரிக்கைகளில் எது உண்மைத் திருட்டு, எது வெறும் சத்தம் என்று பிரிக்கத் தெரியாமல் எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறேன். இந்த வேலைக்கு ஆசைப்பட்டது தப்போ என்று தினமும் தோன்றும்.

அப்போதுதான் உங்கள் ஆஸ்பத்திரி வேலை வந்தது. ரிசப்ஷனுக்குப் போன் பண்ணி ஏமாற்றிப் பார்க்க வேண்டும், என்ன பேசலாம் என்று டீம் லீடர் கேட்டார். ஒருவன் "ஐடி டிபார்ட்மென்ட்லேர்ந்து பேசறோம்" என்று ஆரம்பித்து அதிகாரி மாதிரி எழுதினான். எனக்குச் சிரிப்பு வந்தது. அதிகாரம் பண்ணினால் ரிசப்ஷனில் இருக்கிறவர்களுக்கு முறைக்கத்தான் தோன்றும், உதவத் தோன்றாது. நான் எழுதினேன். என் முதல் நாளை அப்படியே எழுதினேன். படித்துவிட்டு முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அங்க யாருக்காச்சும் தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று டீம் லீடர் பொதுவாகக் கேட்டார். அது விதி. இருந்தால் அந்த வேலையிலிருந்து விலக வேண்டும். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணிக்குக் காலை ஷிப்ட், போன் மதியம்தான், வேறு யாரோதான் எடுப்பார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வேறு யாரோ என்றால் பரவாயில்லையா என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவள் பேசும்போது இன்னொரு ஹெட்செட்டில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். "வணக்கம், சொல்லுங்க" என்று உங்கள் குரல் வந்தது. லைனைத் துண்டிக்கிற பொத்தான் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் அழுத்தவில்லை. நீங்கள் கொடுக்க மாட்டீர்கள் என்று நினைத்து அழுத்தாமல் விட்டேன் என்று எழுதலாம். அது பொய். கொடுத்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கொடுத்ததும் அறையே கைதட்டியது. என் முதுகில் தட்டினார்கள். நானும் சிரித்தேன்.

இதை எழுத எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. அடுத்து எழுதப்போவதற்கு அதைவிட. சொந்தக்காரர் இருப்பதை மறைத்தேன் என்று தெரிந்தால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். மாதக் கடைசி வரைக்கும் யாரிடமும் சொல்லாமல் இருப்பீர்களா அண்ணி? இதைக் கேட்க எனக்கு எந்த அருகதையும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

விசாரணைக்கு முன்பு கிடைக்க வேண்டும் என்று, அங்கே வருகிற பஸ்ஸில் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். டிப்போவில் வாங்கிக்கொள்ளச் சொல்லி அண்ணனுக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன். ஏதோ பரிசு என்று நினைத்து வாங்கி வருவார். உறை ஒட்டியிருக்கிறது, பிரிக்க மாட்டார்.

வாயாடி


மார்ச் 21

உனக்கு,

உன் அண்ணன்தான் கொண்டுவந்து கொடுத்தார். "அண்ணிக்கும் நாத்தனாருக்கும் அப்படி என்ன ரகசியம்?" என்று கிண்டல் வேறு. அவர் எதிரிலேயே படித்தேன். முகத்தை அசைக்காமல் படித்தேன். இந்த ஒரு மாதத்தில் அது மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

விசாரணை முடிந்தது. ரிசப்ஷனில் கூட இருந்தவள் எப்போதோ நான் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு, என் நாத்தனார் ஏதோ பாதுகாப்புக் கம்பெனியில் இருப்பதாக அங்கே சொல்லிவிட்டாள். நிர்வாக அதிகாரி நேராகவே கேட்டார். "சோதனை வச்ச கம்பெனில உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"இல்ல சார். அவ வேற கம்பெனி" என்றேன்.

இத்தனை வருஷ வேலையில் யாரிடமும் நான் பொய் சொன்னதில்லை. டாக்டர் வருவதற்கு நேரமாகும் என்றால் நேரமாகும் என்றுதான் நோயாளியிடம் சொல்வேன். திட்டு வாங்கினாலும் சொல்வேன். உனக்காகச் சொன்னேன். நீ கேட்டாய் என்பதற்காகக்கூட இல்லை. நீ வெளியே வந்தால் உன் அண்ணன் முகம் என்ன ஆகும் என்று பார்த்தேன்.

அவரிடம், மைக்கில் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டது, அதனால்தான் இடம் மாற்றிக் கேட்டு வாங்கினேன் என்று சொல்லியிருக்கிறேன். மனிதர் தினமும் காலையில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து நீட்டுகிறார். வலிக்காத தொண்டைக்கு நான் உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருக்கிறேன். அவர் பக்கத்தில் நின்று "இன்னிக்குத் தேவலையா?" என்று கேட்கிறார்.

ஏமாந்ததைக்கூட விடு. கொடுத்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும் என்று எழுதினாயே, அதுதான் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறது. என் இரக்கத்தை அளவெடுத்துச் சட்டை தைத்திருக்கிறாய்.

நிரந்தரமாகிக்கொள். கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே.


மார்ச் 28

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

உப்புத் தண்ணீரைப் படித்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. நேற்று டீம் லீடரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏமாந்தது என் அண்ணி, எனக்கு முதலிலேயே தெரியும், மறைத்தேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். அவர் "நீங்களா இப்படி?" என்று மட்டும் கேட்டார். எப்போதும் நீ, வா, போ என்று பேசுகிறவர். அந்த 'நீங்கள்' அறைந்த மாதிரி இருந்தது.

மேனேஜரிடம் கூட்டிப்போனார். வேலையை விட்டு அனுப்பவில்லை. நிரந்தரம் இப்போதைக்குக் கிடையாது. போன் சோதனைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுபடி திரைக்கு முன்னால் எச்சரிக்கை பார்க்கிற வேலை. பக்கத்து மேஜைக்காரி என்னோடு பேசுவதில்லை. அவளுக்கும் தெரியாமல் அவளை உங்களிடம் பேசவைத்தேன் அல்லவா, அது அவளுக்கும் அவமானம்தானே.

ஆனால் அண்ணி, அந்தச் சோதனை செல்லாது என்று உங்கள் ஆஸ்பத்திரிக்கு எங்கள் கம்பெனியே எழுதப்போகிறது. காரணத்தையும் எழுதுவார்கள். இனி உங்களைப் பழையபடி ரிசப்ஷனில் உட்காரவைத்தே ஆக வேண்டும். இத்தனை நாளுக்குப் பிறகு நேற்றுதான் நான் மூச்சு விட்டேன். உங்களுக்கு நியாயம் கிடைத்துவிடும்.

வாயாடி


ஏப்ரல் 6

உனக்கு,

உங்கள் கம்பெனி எழுதியது வந்து சேர்ந்தது.

நிர்வாக அதிகாரி கீழ்த்தளத்துக்கு நேரில் வந்தார். சிமிட்டுகிற டியூப் லைட்டுக்கு அடியில் நின்றுகொண்டு, "அன்னிக்கு நான் கேட்டப்ப இல்லைன்னு சொன்னீங்களே" என்றார். குரலை உயர்த்தவில்லை.

மூச்சு விட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்த நேரத்தில் என்னை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாயா? இல்லை என்று நான் சொன்னதை உனக்கு எழுதியிருந்தேன். என் கையெழுத்தில் உன் மேஜையில் இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் போய்ச் சொன்னாய். உண்மையைச் சொன்னால் என் பொய் மாட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தோன்றவே இல்லை. உன் மனசு லேசாக வேண்டும் என்ற அவசரம் உனக்கு.

முன்பு நான் இரக்கப்பட்டு ஏமாந்தவள். சிரித்தார்கள், ஆனால் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பிரியமும் இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. இப்போது நான் பொய்க்காரி. நானும் நீயும் பேசி வைத்துக்கொண்டு நடத்திய நாடகமோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். இப்போது யாரும் கிண்டல் செய்வதில்லை. நான் கேன்டீனுக்குள் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். வேலை போகவில்லை. இனி ரிசப்ஷன் கிடையாது, ஓய்வு பெறும்வரை கீழ்த்தளம்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

உன் அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வந்தவரிடம் வாசல் காவலாளி அனுதாபமாக விசாரித்திருக்கிறார். வண்டியை ஓட்டிக்கொண்டே, "அவளா?" என்றார். "ஆமாம்" என்றேன். மறுநாள் காலையில் வெந்நீர் வரவில்லை. அப்போதுதான் நான் அழுதேன்.

எனக்குப் போனது ரிசப்ஷன் நாற்காலி மட்டும் என்று நினைக்கிறாயா? ஒன்று சொல்கிறேன். அந்த அழுகையை எழுதும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, அப்போது கேட்க முடியாது. வாயை மூடச் சொன்னாய், மூடினேன். நீ வாயைத் திறக்கும்போதாவது கேட்டிருக்கலாம். நீ கெட்டது செய்தாலும் என்னை வைத்துத்தான் செய்கிறாய், நல்லது செய்தாலும் என்னை வைத்துத்தான் செய்கிறாய். இரண்டு தடவையும் நான் உனக்கு எதிரில் இருக்கிற ஒரு மனுஷி என்பது உனக்கு மறந்துபோகிறது.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணிக்கு,

சமாதானம் எதுவும் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதியது எல்லாம் சரி. உங்கள் பொய்யைப் படித்தேன், படித்துக் கலங்கினேன், ஆனால் அதைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு என்று எனக்கு உறைக்கவே இல்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுத்தார். "சொல்லு" என்றார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "சரி, வைக்கிறேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கேட்கிறேன். முடிவு உங்களுடையது.

எங்கள் மேனேஜர் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். வேறொரு ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன், வார்டு, பில்லிங் ஆட்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். நீ அந்த இடத்தில் உட்கார்ந்தவள், நீ சொன்னால் கேட்பார்கள் என்கிறார். அதற்காகத்தான் இதை உங்களிடம் கேட்கிறேன். இரக்கப்படாதீர்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. இரக்கப்படுங்கள், ஆனால் போனை வைத்துவிட்டு வார்டு நம்பருக்கு நீங்களே திருப்பிக் கூப்பிட்டு இரக்கப்படுங்கள் என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். உண்மையான நர்ஸ் என்றால் அங்கேதான் இருப்பாள். அவள் நேரம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். அதைப் புரியவைக்க உங்கள் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பெயரோ ஆஸ்பத்திரியின் பெயரோ வராது. சொல்லலாமா? வேண்டாம் என்றால் வேறு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன், காரணம் கேட்க மாட்டேன்.

இரண்டாவது, நான் வீட்டுக்கு வரலாமா?

இதற்கும் வேண்டாம் என்று எழுதலாம்.

வாயாடி


ஏப்ரல் 19

வாயாடிக்கு,

கேட்டு எழுதியதைப் பார்த்தேன். உடனே பதில் எழுதவில்லை. வேண்டாம் என்று எழுத ஆசையாக இருந்தது, ஒரு நாள் முழுக்க அந்த ஆசையோடேயே கோப்பு அடுக்கினேன்.

கதையைச் சொல்லிக்கொள். ஆனால் அவள் அசடு என்று யாரும் நினைக்கிற மாதிரி சொல்லாதே. வேலை தெரிந்தவள், அன்றைக்கு லைனைக் கவனிக்கவில்லை என்று சொல். அவளைக் காலி செய்தது ஏமாந்தது இல்லை, அதற்குப் பின்னால் நடந்தது என்றும் சொல். அந்தப் பொய்யையும் மறைக்காமல் சொல். நான் சொன்னதுதான் அது.

என் பெயர் வேண்டாம், சரி. ஆனால் அன்றைக்கு எங்கள் கூட்ட அறையில் போட்டுக் காட்டியதில் என் குரல் இருந்தது, அந்தப் பெண்ணின் குரல் இருந்தது. உன் குரல் மட்டும் அதில் இல்லை. அதனால் நீ சொல்லும்போது எனக்குத் தெரிந்த ஒருத்தி, என் தோழி ஒருத்தி என்று ஆரம்பிக்காதே. இதை எழுதிக் கொடுத்தது நான், ஏமாந்தது என் அண்ணி என்று ஆரம்பி. சிலர் சிரிப்பார்கள், சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நீயும் கூடச் சேர்ந்து சிரிக்காமல் அங்கேயே நில். பாத்ரூமுக்கு ஓடாதே.

அப்படி நின்றுவிட்டு வீட்டுக்கு வா. அதற்கு முன்னால் வராதே.

அண்ணி